சொதி திரியாத பக்குவம்: அன்றாட வேலையில் ஆன்மிகம் உண்டா?

பாளையங்கோட்டையில் வசிக்கும், வங்கி ஒன்றில் பணிபுரியும் சகோதரி ஒருவரின் கேள்வி இது. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு மருந்து, பிறகு அலுவலகம், மாலையில் மறுபடியும் அடுக்களை என்று நாள் கழிந்துவிடுகிறது. நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் ஆறு மாதமாயிற்று. சென்ற ஆண்டு பத்து நாள் தியான முகாம் ஒன்றுக்குப் போய்வந்தும், வீட்டில் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. ‘செய்கிற வேலையைக் கவனத்தோடு செய்தாலே அது ஆன்மிகம் என்கிறார்களே, அது உண்மையா, இல்லை நேரமில்லாதவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்லும் ஆறுதல் வார்த்தையா?’ என்று கேட்கிறார்.

ஆறுதல் வார்த்தை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இன்று அது சொல்லப்படும் விதத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து. மீதிப் பாதியைச் சொல்வதற்காகவே இதை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதசர்மா என்ற அடியவர் வீடு வீடாக நெல் வாங்கி வந்து, சுவாமியின் நைவேத்தியத்துக்காக அதை வெயிலில் உலரப் போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனார் என்றும், அந்த நேரம் பார்த்துப் பெருமழை பிடித்துக்கொள்ள, நெல் நனைந்துபோயிருக்குமே என்று பதறி ஓடிவந்து பார்த்தபோது, சுற்றிலும் தண்ணீர் நிற்க நெல்லின்மேல் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது என்றும், இறைவன் நெல்லுக்கு வேலியாக நின்றதால் திருநெல்வேலி என்று பெயர் வந்தது என்றும் தலபுராணம் சொல்கிறது. சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகியதாலேயே இந்தக் கதையின் விசேஷம் நம் கண்ணில் படுவதில்லை. இதில் அசுர வதம் இல்லை, முனிவரின் கடுந்தவம் இல்லை. மழை வருமுன் நெல்லை அள்ள வேண்டுமே என்ற பதற்றம், மொட்டைமாடியில் வற்றல் காயப் போட்ட எந்த வீட்டிலும் இன்றைக்கும் உள்ள அதே பதற்றம்தான், இந்த ஊரின் மூலக்கதை. இறைவன் வெளிப்பட்ட அந்த நேரத்தில் வேதசர்மா பூசையில் இருக்கவில்லை. பூசைக்கு வேண்டிய அரிசிக்கான வேலையில் இருந்தார். அதிலும், நெல்லை மறந்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார். அதற்காகக் கதை அவரைக் கண்டிக்கவும் இல்லை.

‘விழிப்போடு வாழ்தல்’ என்று இப்போது வகுப்புகளில் கற்றுத்தரப்படுவதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பாலி மொழியில் அதற்குச் ‘சதி’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது விபரீதமாக ஒலிக்கும். ஆனால் வடமொழியின் ‘ஸ்மிருதி’தான் அங்கே அப்படித் திரிந்திருக்கிறது, நினைவு என்று பொருள். சதிபட்டான சுத்தம் என்னும் உரையில் புத்தர், போவதையும் வருவதையும், கையை மடக்குவதையும் நீட்டுவதையும், உண்பதையும் பருகுவதையும் மெல்வதையும், மலசலம் கழிப்பதையும்கூட முழு அறிவோடு செய்யும்படி துறவியிடம் சொல்கிறார். தாழ்ந்தது என்று எதையும் ஒதுக்கவில்லை. இந்த மரபிலிருந்து சமயக் கூறுகளைக் களைந்துவிட்டு, 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். எட்டு வாரப் பாடமாக அது உலகெங்கும் பரவியது. அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்று, ஓர் உலர்ந்த திராட்சையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, விரலால் தடவி, முகர்ந்து, நாக்கில் வைத்து, மிக மெதுவாக மென்று விழுங்குவது.

நினைவு என்ற இதே பொருளை வள்ளுவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பிடிக்கிறார். திருக்குறளின் 54-ஆம் அதிகாரத்துக்குப் ‘பொச்சாவாமை’ என்று பெயர். பொச்சாப்பு என்றால் மறதி. குறிப்பாக, மகிழ்ச்சியில் மயங்கி, செய்ய வேண்டியதை நழுவ விடுதல். ‘பொச்சாவாக் கருவி’ என்று அவர் ஒரு தொடரையே ஆக்கி, மறவாத மனத்தைக் கருவியாகக் கொண்டு பேணிச் செய்தால் முடியாத அரிய செயல் இல்லை என்கிறார். இந்த அதிகாரம் பொருட்பாலில், ஆட்சி செய்கிறவனுக்குச் சொல்லப்பட்ட பகுதியில் இருக்கிறது. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை நடத்துகிறவருக்கு அரசனுக்கு வேண்டியதைவிடக் குறைந்த மறவாமை போதும் என்று நான் நினைக்கவில்லை.

திராட்சைப் பயிற்சியைப் பற்றி எப்போது கேட்டாலும் எனக்கு ஒரு வெற்றிலை நினைவுக்கு வரும். ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் வீற்றிருந்த நம்மாழ்வார், பக்கத்து ஊரான திருக்கோளூரைப் பாடும்போது, உண்ணும் சோறும் பருகும் நீரும் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணனே என்று சொல்லிக் கண்ணீர் மல்கும் ஓர் இளம்பெண்ணை, அவளுடைய தாயின் வாய்மொழியாக நமக்குக் காட்டுகிறார். (இந்த இரண்டு ஊர்களும் 1986-இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டன, நெல்லைச் சீமைக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.) சோறு உயிரைத் தாங்குவது, நீர் உடலை வளர்ப்பது, வெற்றிலை இன்பத்துக்கு என்று உரைகாரர்கள் இதைத் தாரகம், போஷகம், போக்கியம் எனப் பிரித்துக் காட்டுவார்கள். அந்த வரிசையில் வெற்றிலைக்கும் இடம் கிடைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சோற்றையும் தண்ணீரையும் தெய்வமாக நினைக்கப் பசியும் தாகமும் போதும். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் சாய்ந்துகொண்டு, காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவிப் போடுகிற வெற்றிலையிலும் அதே நினைவு தொடர்வது அவ்வளவு எளிதில்லை.

நான் சொன்ன மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது. திராட்சையை மெல்லுகிறவரின் கவனம் திராட்சையோடு நின்றுவிடுகிறது. திருக்கோளூர்ப் பெண்ணின் கவனம் வெற்றிலையின் வழியாக இன்னொருவரிடம் போய்ச் சேர்கிறது. முன்னது மனத்துக்கு நல்ல பயிற்சி. வலியையும் பதற்றத்தையும் அது தணிக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெறும் கவனத்தை ஆன்மிகம் என்று சொல்லிவிட்டால், ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஜேப்படி செய்கிறவனுக்குப் பெரிய ஞானி என்ற பட்டத்தைக் கொடுக்க வேண்டியதாகிவிடும்; அன்றைக்கு ரதவீதியில் அவனைப்போல் மனம் குவிந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். செய்கிற வேலை யாருக்காக என்ற நினைவும் அதோடு சேர்ந்தாக வேண்டும். அந்த ‘யார்’ கடவுளாக இருக்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு எதிரே இலையில் உட்கார்ந்திருக்கும் மனிதராகவும் இருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசில் கார்மேல் சபை மடத்தின் சமையலறையில் காலம் கழித்த சகோதரர் லாரன்ஸ், சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் கடவுளின் மீதுள்ள அன்புக்காகவே செய்வதாகச் சொன்னவர். பாளையங்கோட்டையில் உங்கள் கிறித்தவ அண்டைவீட்டாருக்கு அவரைத் தெரிந்திருக்கக்கூடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது நூல்களிலிருந்து அன்று. ஒரு சட்டிச் சொதியில்தான் கற்றுக்கொண்டேன். மறுவீட்டு விருந்துக்கு நம் பக்கத்தில் வைக்கும் சொதியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காயைத் துருவி ஆட்டி மூன்று முறை பால் எடுப்பார்கள். நீர்த்த மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கறிகள் வேகும். வேகவைத்த பாசிப்பருப்பும் அரைத்த இஞ்சியும் பச்சைமிளகாயும் சேரும். கடைசியில்தான் கெட்டியான தலைப்பாலை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் அது கொதிக்கவே கூடாது. ஓரங்களில் நுரை கூடி வரும், நடுவில் இலேசாக அசையும், அந்த நிலையில் இறக்கி, சூடு தணிந்தபின் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். ஒரு நிமிடம் கண் தவறினால் பால் திரிந்து, எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து நிற்கும். அதன்பின் எந்த வித்தையாலும் அதைச் சேர்க்க முடியாது.

என் ஆச்சி அம்பாசமுத்திரத்து அடுக்களையில் இந்தத் தலைப்பாலை ஊற்றும் நேரம் வந்தால் யாரோடும் பேசமாட்டாள். ஒருமுறை என் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, “ஏல, பைய ஊத்து. தீயக் கொறச்சுக்கோ. கண்ண அங்க இங்க விடாத” என்றாள். நான் ஓய்வு பெற்று, என் மனைவிக்கு உடல்நலம் குன்றிய பிறகு, முதல்முறையாகத் தனியாகச் சொதி வைத்த அன்று சரியாகத் தலைப்பாலை ஊற்றியதும் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பேசினேன், இரண்டு நிமிடம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தபோது சட்டியில் மஞ்சள் தண்ணீரின்மேல் எண்ணெய் மிதந்தது. என் மனைவி அதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

ஆச்சி சொன்ன அந்த ‘பைய’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் நாள் முழுவதும் புழங்கும் சொல் அது. பையப் போ, பையப் பேசு, பைய எடுத்து வை என்போம். மெதுவாக என்பதுதான் அகராதிப் பொருள், ஆனால் பொருளுக்கும் ஆளுக்கும் நோகாமல் என்ற ஒரு குழைவும் அதில் ஒட்டியிருக்கிறது. மதுரையில் தாம் தங்கியிருந்த மடத்துக்கு வைக்கப்பட்ட தீ பாண்டியனைப் போய்ச் சேரட்டும் என்று பாடிய ஞானசம்பந்தர், அது ‘பையவே’ செல்லட்டும் என்றார். பாண்டிமாதேவியின் மங்கல நாணுக்குக் கேடு வரக்கூடாது என்ற இரக்கம் அந்தச் சொல்லில் இருப்பதாகப் பெரியவர்கள் விளக்குவார்கள். தீயைக்கூடப் பையப் போகச் சொன்ன மொழி நம்முடையது. விழிப்போடு செய்தல் என்பதற்கு வகுப்புகளில் புதிய சொற்களைத் தேடுகிறவர்களிடம் நான் இந்தச் சொல்லைத்தான் கொடுப்பேன்.

பத்தமடைக்குப் போனால் இதையே வேறு வடிவில் பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பட்டுப்பாய்க்கு, ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கிழித்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, மறுபடியும் காயவைத்து, மயிரிழைபோலப் பிரித்து, தரையோடு தரையாக இருக்கும் தறியில் உட்கார்ந்து, ஒவ்வோர் இழையாகக் கையால் பாவுக்குள் கோக்க வேண்டும். நயமான ஒரு பாய்க்கு வாரக் கணக்கில் ஆகும். ஊற வேண்டிய நாளை யாரும் குறைக்க முடியாது. குறைத்தால் கோரை சொல்பேச்சு கேட்காது. ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்ததும் இதே பத்தமடையில்தான். இமயமலைக்குப் போன அவரை எல்லோருக்கும் தெரியும். முதுகு வளைய உட்கார்ந்து பாய் முடைந்த பெண்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு. அவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்று கேட்காமல் அவர்களுடைய பொறுமையை மட்டும் புகழ்வது எனக்குச் சம்மதமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கவனம் விலகிவிட்டால் பக்தியே என்ன ஆகும் என்பதற்குப் பாபநாசம் படித்துறையைப் பாருங்கள். பாவம் தொலைய வேண்டும் என்று மூழ்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் பரவி, சேலையும் வேட்டியும் பாறை இடுக்குகளில் சிக்கி அழுகிக் கிடக்கின்றன. அதை அள்ளுவதற்கென்று ஆட்கள் இறங்க வேண்டியிருக்கிறது. பொதிகையில் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு அது. வழியிலுள்ள ஊர்களெல்லாம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். துணியை வீசுகிறவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருடைய நினைவு முழுவதும் தம் பாவத்தின்மேல் இருக்கிறது. காலடியில் ஓடும் ஆற்றின்மேல் இல்லை. துணியைப் பிழிந்து பையில் போட்டு எடுத்துவரும் அந்த அரை நிமிடம், மூழ்கி எழுந்த மூன்று முழுக்கையும்விடப் புண்ணியம் என்று நான் துணிந்து சொல்வேன்.

இனி உங்கள் நாளுக்கு வருகிறேன். எல்லா வேலையையும் விழிப்போடு செய்யப் பார்க்காதீர்கள். அது முடியாது, மூன்றாம் நாளே, இதிலும் தோற்றுவிட்டோம் என்ற புதிய குறை ஒன்று சேரும். தியான முகாமில் மணியடித்தால் சாப்பாடு வந்தது, பேச்சுக்குத் தடை இருந்தது, குழந்தை அழவில்லை. அந்த அமைதியை வீட்டில் எதிர்பார்த்ததுதான் உங்கள் சிக்கல் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கேட்டால், மாமியாருக்கு மருந்து கொடுப்பதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும்போது கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அட்டையிலுள்ள பெயரைப் படியுங்கள். மாத்திரையைப் பிதுக்கும்போது அந்தத் தகடு கிழியும் சிறிய ஓசையைக் கேளுங்கள். தம்ளரில் தண்ணீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று புறங்கையில் பாருங்கள். அவரைச் சற்றே நிமிர்த்தி, அவர் விழுங்கி, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம். இப்போதும் நீங்கள் அந்த மூன்று நிமிடத்தைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்; மனம் மட்டும் அதற்குள் பள்ளிப் பேருந்துக்குப் போய்விடுகிறது.

மனம் ஓடும், ஓடட்டும். ஓடிவிட்டது என்று தெரிந்த நொடியில் தம்ளருக்குத் திரும்பி வாருங்கள். எத்தனை முறை ஓடியது என்று கணக்கு வைக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து, தானாகவே வேறொரு வேலையிலும் இது தலைகாட்டும். வாசல் தெளிக்கும்போதோ, கோலத்தில் கடைசிப் புள்ளியைச் சுற்றி இழுக்கும்போதோ, வங்கியில் கையெழுத்துப் போடத் தெரியாத முதியவரின் கட்டைவிரலைப் பிடித்து மை ஒற்றும்போதோ. அப்படித் தலைகாட்டாவிட்டாலும் மருந்து நேரம் ஒன்று போதும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அடுக்களையே கோயில், வீட்டு வேலையே தியானம் என்ற பேச்சைப் பெரும்பாலும் சொல்கிறவர்கள், அடுக்களைக்குள் கால் வைக்காத ஆண்கள். அவர்களுக்கு ஒரே கேள்வி: அவ்வளவு புண்ணியமான தியானத்தில் பாதியை அவர்களும் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? உங்கள் கணவர் காலை வேலையில் ஒரு பங்கை ஏற்றால், விழிப்போடு செய்ய ஒரு மூன்று நிமிடம் இருவருக்குமே கிடைக்கும். சுமையைக் குறைக்க வேண்டிய இடத்தில் ஆன்மிகத்தைப் போட்டு நிரப்பக் கூடாது. இன்னொன்று, பல வாரங்களாகத் தூக்கமில்லை, எதிலும் பற்றில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அதைச் சொதியும் கோலமும் சரிசெய்யாது.

கோயிலுக்குப் போகவில்லையே என்ற உங்கள் குறைக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது, கோயில் எதற்கு என்று நான் சொல்லமாட்டேன். போக வேண்டும் என்று தோன்றுகிறவர் போகத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாமியாருக்குத் துணையாகக் கணவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, தனியாக டவுனுக்குப் பேருந்து ஏறுங்கள். காந்திமதி அம்மன் சந்நிதியிலிருந்து சுவாமி சந்நிதிக்குப் போகும் வழியில், 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் இருக்கிறது. நாம் அதை எப்போதும் தரிசன நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுகிறோம். அன்றைக்கு அதன் கல்தரை உள்ளங்காலில் எங்கே குளிர்கிறது, எங்கே எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது என்று தெரியும்படி பைய நடந்து போங்கள். திரும்பும்போது ஒரு சிட்டிகை திருநீற்றைத் தாளில் மடித்து மாமியாருக்கு எடுத்து வாருங்கள். அவர் நெல்லையப்பரைப் பார்த்து உங்களைவிட அதிக நாளாகியிருக்கும்.